எம்-சாண்ட் குவியலில் ஒரு எக்கியம்

கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் வினோதினி கதவைத் திறந்தபோது, அவள் கொத்தி எரு போட்டு வைத்திருந்த பாத்தியின் மேல் ஒரு டிராக்டர் லோடு எம்-சாண்ட் குவிந்து கிடந்தது. பக்கத்திலேயே ஜல்லி.

“யார் கொட்டச் சொன்னது?”

அண்ணன் ராமதாஸ் முன்வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். நிதானமாக நுரையைத் துப்பினான். “நான்தான். எங்கப்பன் மனையில நான் கொட்றேன். உனக்கு இன்னா?”

“எனக்கும் அவர்தான் அப்பன்.”

“அதனாலதான் பின்கட்டுல குடியிருக்க. இல்லன்னா பஸ் ஸ்டாண்டுல இருந்திருப்ப.”

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைப் பார்த்த வீடு அது. முன்பாதியில் ராமதாஸும் அவன் மனைவி தேவிப்ரியாவும். பின்பாதியில் வினோதினி. டவுனில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவள். லாட்ஜ் கைமாறியதும் வேலை போயிற்று. வீட்டை ஒட்டிய காலி இடம் மட்டும் இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை. சண்டை அதற்குத்தான்.

ராமதாஸ் அங்கே குளியலறையும் கழிப்பறையும் கட்ட நினைத்தான். அவன் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வரும் கூட்டத்தில் பெண்கள் தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்காமலே நடப்பார்கள். ஏன் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். வினோதினி அதே இடத்தில் நர்சரி போட நினைத்தாள். அதிலும் தப்பில்லை. ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது என்பதுதான் சிக்கல்.

அவளுடைய நம்பிக்கை வேதாவைச் சார்ந்திருந்தது. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம் கஃபே வைத்திருப்பவர் வேதா. கஃபேயைச் சுற்றியிருக்கும் பெரிய தோட்டம் காய்ந்து கிடந்தது. வினோதினி கைபேசியில் ஒரு நீலப் பூவைக் காட்டி, “இது எக்கியம், மேடம். தண்ணி கம்மியா போதும். தேனீ கூட்டமா வரும்” என்று சொன்னபோது வேதா படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

“போட்டோ எல்லாரும் காட்றாங்க. இந்த ஊர் வெயில்ல, இந்த ஊர் மண்ணுல பூத்ததைக் காட்டு. காட்டினா தோட்டம் மொத்தமும் உன் பொறுப்பு. காட்ட முடியலன்னா இந்தப் பக்கம் வராத.”

இதை வினோதினி அண்ணனிடம் சொன்னாள். சிமெண்ட் வேலைக்கு அளவெடுக்க வந்திருந்த மேஸ்திரி அப்பாதுரை பீடி பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ராமதாஸ் சிரித்தான். “பூ பூத்து, அந்தம்மா வேலை குடுத்து… சரி. பங்குனி பௌர்ணமி வரைக்கும் டைம். அதுக்குள்ள அவங்க வாயால வேலை குடுத்தேன்னு சொல்லட்டும், இந்த இடத்தை நீயே வச்சுக்கோ. இல்லன்னா நீ சும்மா இருக்கணும். மேஸ்திரி, நீங்கதான் சாட்சி.”

“எனக்கு எதுக்குப்பா இந்த வம்பு? பூத்தா எனக்கு வேலை போச்சு, பூக்கலன்னா உன் தங்கச்சி சாபம்” என்றார் அப்பாதுரை. ஆனாலும் தலையாட்டினார்.

எக்கியம் எப்படிப்பட்ட செடி என்று இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் வரப்பில் முளைக்கும் தேள்கொடுக்குக்கு அது தூரத்துச் சொந்தம். அதே குடும்பம், பூங்கொத்து அதே போலத் தேள்வால் மாதிரி சுருண்டு, பூக்கப் பூக்க நிமிரும். ஆளுயரத்துக்கு மேல் கோபுரம்போல் வளர்ந்து பூக்க ஓரிரண்டு வருடம் எடுக்கும் வகைகள் உண்டு. முழங்கால் உயரத்தோடு நின்று ஒரே பருவத்தில் பூத்து முடியும் வகையும் உண்டு. வினோதினி தபாலில் வரவழைத்தது இரண்டாவது வகை. விதை மிளகைவிடச் சிறியது. முக்கோணமாக, சொரசொரப்பாக, சாம்பல் படிந்த கல்துண்டு மாதிரி இருக்கும்.

அதன் பூர்வீகம் வறண்ட பாறைச் சரிவுகள். அங்கே மழை குளிர்காலத்தில் வரும். அதனால் குளிர்ந்த மண்தான் அதற்கு எழுந்திரு என்று சொல்லும் குரல். நம் ஊரில் அந்தக் குளிர்ச்சி மார்கழி, தையில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். அப்போது விட்டால் அடுத்த வருடம்தான்.

முதல் தடவை வினோதினி எல்லாத் தாயும் செய்யும் தப்பைச் செய்தாள். நாற்றுத்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் நிரப்பி, விதைத்து, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்தாள். விதை முளைத்தது. இரண்டு இலை விரித்தது. பிறகு ஒரு காலையில், சீப்பால் வாரிவிட்டது போல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. குனிந்து பார்த்தால், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாக இளைத்திருந்தது. இதற்கு நாற்றழுகல் என்று பெயர். ஈரத்திலும் சத்திலும் கொழுக்கும் பூஞ்சைதான் காரணம். பாறையில் பட்டினி கிடந்து பழகிய செடிக்கு அவள் விருந்து வைத்திருந்தாள்.

தேவிப்ரியா துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள். “இன்னா வினோ, எல்லாம் படுத்துகினு தூங்குதா?”

“உங்க வேலையைப் பாருங்க அண்ணி.”

“பார்த்துகினுதான் இருக்கேன். புருசன் வீட்ல வாழல, லாட்ஜ்ல நிலைக்கல. செடிகூட உன் கையில நிக்கல பாரு.”

வினோதினி தட்டைக் கவிழ்த்து அழுகியதைக் கொட்டினாள். விதைப் பொட்டலத்தில் பாதி மிச்சம் இருந்தது.

அந்த மிச்சத்துக்கு என்ன வேண்டும் என்று அவள் யோசித்தாள். சத்து கம்மியாக, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் கரடுமுரடான மண். அது எங்கே கிடைக்கும்? நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெதிரே ஒரு லோடு கிடந்தது.

எம்-சாண்ட் என்பது ஆற்று மணல் அல்ல. கருங்கல்லை உடைத்து அரைத்தது. அதில் மாவு போன்ற தூசும் இருக்கும். அந்தத் தூசு தண்ணீர் பட்டால் களிபோல் இறுகும். அதனால் அவள் ராமதாஸ் வெளியே போகும் நேரம் பார்த்து வாளியில் அள்ளி, சல்லடையில் சலித்து, தூசு போகக் கழுவிக் காயவைத்தாள். அதில் கொஞ்சம் தோட்டத்து மண் கலந்தாள்.

அடுத்தது தொட்டி. எக்கியத்துக்கு முள்ளங்கி மாதிரி நேராக இறங்கும் ஆணிவேர். அந்த வேர் ஒரு முறை முறிந்தால் செடி மறுபடி தேறுவது கடினம். குட்டையான தட்டில் வளர்த்துப் பிடுங்கி நட முடியாது. உயரமான, குறுகலான தொட்டி வேண்டும். கிரிவலப் பாதையோரம் வாழ்பவளுக்கு அதற்கா பஞ்சம்? பௌர்ணமிக்கு மறுநாள் தண்ணீர் பாட்டில்கள் வாசலுக்கே உருண்டு வரும். கழுத்தையும் அடியையும் வெட்டி எடுத்து, நெருக்கமாக நிறுத்தி, சணல் சாக்கால் சுற்றினாள். சாக்கை நனைத்து வைத்தாள். மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான் இதுவும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். பாட்டிலுக்கு ஒரு விதை. மேலே விரல் நகம் அளவுக்கு மணல்.

பாட்டில்கள் நிரம்பிய பிறகும் ஒரு சிட்டிகை விதை மிஞ்சியது. எள் விதைக்கும்போது செய்வது போல அதை ஒரு பேசின் மணலில் கலந்தாள். பொடி விதையை அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். மணலோடு கலந்தால் பரவி விழும். கலந்த பேசினை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ராமதாஸ் எதிரில் நின்றான்.

“நானும் பார்த்துகினே இருக்கேன், குவியல் இன்னாடா கரைஞ்சுகினே போவுதுன்னு. திருடி.”

“நாலு வாளி மணலுக்குத் திருடியா? என் பாத்தி மேலதான கொட்டியிருக்க? அதுக்கு வாடகை குடு, மணலுக்கு நான் குடுக்கறேன்.”

“வாய் மட்டும் ஜாஸ்தி.” பேசினைப் பிடுங்கினான். “என் மணல் என் குவியலுக்கே போவட்டும்!”

கையைச் சுழற்றி வீசினான். மணல் விசிறிபோல் விரிந்து குவியலின் மறுபக்கம், மதில் சுவர்ப் பக்கம் விழுந்தது. பேசின் சுவரில் மோதி விரிசல் விட்டது.

“அண்ணா, அதுல விதை…”

“பொறுக்கிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கல்தூளுக்குள் கல்தூள் நிறத்து விதை. பொறுக்க முடியுமா? அவள் விட்டுவிட்டாள்.

பாட்டில் செடிகள் ஏமாற்றவில்லை. தை பாதி கடப்பதற்குள் வேர் அடிவரை எட்டியது; பாட்டிலின் பக்கவாட்டில் வெள்ளை நூலாக அதைப் பார்க்க முடிந்தது. வேர் சுருளத் தொடங்கும் முன்பே குவியலுக்கு முன்னால் குழி எடுத்து, பாட்டிலோடு இறக்கி, பிளாஸ்டிக்கை மட்டும் மேலே உருவி எடுத்தாள். வேருக்குத் தான் இடம் மாறியதே தெரிந்திருக்காது. மாசியில் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இலை விரித்துத் தரையோடு படர்ந்து கிடந்தது. இலை முழுக்க முசுமுசுக்கை போலச் சுணை. ஆடு மாடு வாய் வைக்காமலிருக்க அந்தச் செடி போட்டுக்கொண்ட வேலி அது. உள்ளே இன்னொரு வேலியும் உண்டு: நாள்பட்டுத் தின்றால் கால்நடையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது. தினமும் தின்றால்தான் ஆபத்து. வினோதினி இதைப் படித்திருந்தாள். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. யாரும் அவளோடு பேசுவதில்லையே.

மாசிப் பௌர்ணமி வந்தது.

அடி அண்ணாமலையில் பௌர்ணமியன்று சில வீட்டு வாசல்களில் மாட்டைக் கட்டி, அகத்திக்கீரைக் கட்டுகளை அடுக்கி வைப்பார்கள். நடந்து வருபவர்கள் ஒரு கட்டு வாங்கி மாட்டுக்குக் கொடுப்பார்கள். மாடு வாங்கித் தின்றால் புண்ணியம், பித்ருக்களுக்குப் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. தேவிப்ரியாவின் மாடு வெள்ளச்சி மத்தியானத்திலிருந்தே வாசலில் நின்றது. சாயங்காலம் கூட்டம் கூடும் நேரத்தில் அகத்திக்கீரை தீர்ந்துவிட்டது. கீரைக்காரர் போனை எடுக்கவில்லை.

வினோதினி அப்போது கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரே கூச்சல். சென்னைக்காரர் ஒருவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, இரண்டு கையையும் சொறிந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

“என்னம்மா கீரை இது? கையெல்லாம் பத்தி எரியுது!”

“பச்சைக் கீரைங்க. புதுசு, அதான் கொஞ்சம் அரிக்கும்” என்றாள் தேவிப்ரியா.

அவர் மனைவிக்கு அரிப்பைவிடப் பெரிய கவலை. “மாடு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சே! எங்க மாமனாருக்குத் திதி குடுத்துட்டு வரோம். மூணு தடவை நீட்டினேன், மூணு தடவையும் திருப்பிக்கிச்சு. என்ன தோஷமோ!”

“மாட்டுக்கு வயிறு ரொம்பிடுச்சுங்க…”

“அப்ப எதுக்கு எங்கிட்ட வித்தே?”

வெள்ளச்சியின் காலடியில் வாழைநாரால் கட்டிய கட்டுகள் கிடந்தன. வினோதினி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். உள்ளே எக்கிய இலை. பையைப் போட்டுவிட்டுப் பக்கத்து இடத்துக்கு ஓடினாள். தரையோடு தரையாக, வரிசையாக, அரிவாள் வெட்டு மட்டும் ஈரமாகத் தெரிந்தது.

அகத்தியை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இந்தச் செடிக்கு வளரும் குருத்து இலைத்தட்டின் நடுவில், மண்ணை ஒட்டியே இருக்கிறது. அதை அறுத்துவிட்டால் பூ வராது.

அவள் திரும்பி வந்தபோது தேவிப்ரியா அவளைக் கை காட்டினாள். “இதோ, இவதாங்க இந்த விஷச் செடியை வளர்க்கறா! இவளைக் கேளுங்க!”

“கேக்கட்டும். நான் வளர்த்தேன். யார் அறுத்தது?”

தேவிப்ரியா காலால் கட்டுகளை மாட்டுக்குப் பின்னால் தள்ளினாள்.

“சொல்லுங்க அண்ணி. என் தோட்டத்துல இருந்தது எப்படி உங்க வாசலுக்கு நடந்து வந்துச்சு? விஷம்னு தெரிஞ்சா எதுக்குக் கட்டு கட்டி வித்தீங்க? தெரியலன்னா எதுக்கு என்னைக் காட்றீங்க?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சென்னைக்காரர் தேவிப்ரியாவின் பக்கம் திரும்பினார். “திருட்டுக் கீரையா? அதையா எங்கப்பாவுக்குக் குடுக்க வச்சே?”

ராமதாஸ் உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து அவர் கையில் ஊற்றப் போனான்.

“ஊத்தாத!” வினோதினி அதட்டினாள். “தேய்ச்சா இன்னும் உள்ள இறங்கும்.” உள்ளே போய் அகலமான செல்லோ டேப் எடுத்து வந்தாள். அவர் உள்ளங்கையில் ஒட்டி வெடுக்கென்று உரித்தாள். ஒட்டிய பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினாள். கண்ணாடி இழை மாதிரி நுண்ணிய முள்கள். சுணை என்பது தோலில் குத்தி நிற்கும் முடிதான். கழுவினால் போகாது, உரித்தால்தான் வரும். நாலைந்து தடவை உரித்த பிறகு அவர் கையை மூடித் திறந்து பார்த்தார். அவருடைய கோபம் மட்டும் குறையவில்லை. “உருப்படாத குடும்பம்” என்று சொல்லிவிட்டு அருணாசலா என்றபடி நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் ராமதாஸ் சொன்னான்: “என் பொண்டாட்டியை ஊரு முன்னாடி திருடின்ற?”

“மணல் எடுத்தப்ப நீ என்னை எப்படிக் கூப்பிட்ட?”

“சரி, இப்ப செடி இல்ல. பந்தயம் முடிஞ்சுது.”

“பங்குனிப் பௌர்ணமி இன்னும் வரல” என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் அறுபட்ட தூர்களைப் பிடுங்கி, அவற்றைக் கொட்டக் குவியலைச் சுற்றி மதில் பக்கம் போனாள். அங்கே ஒரு எக்கியம் நின்றது.

இலைத்தட்டு மட்டும் அல்ல. நடுவிலிருந்து தண்டு எழும்பி, நுனியில் தேள்வால் சுருண்டிருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். ராமதாஸ் வீசிய பேசின் நினைவுக்கு வந்தது. விதையை மணலோடு கலந்து, கையைச் சுழற்றி, பரவலாக வீசியிருக்கிறான். எள் விதைக்கிறவன்கூட அவ்வளவு சுத்தமாக வீசியிருக்க மாட்டான். விழுந்ததில் ஒன்று பிழைத்திருக்கிறது. இடமும் அப்படி. பிற்பகல் வெயிலை மதில் மறைக்கிறது. மேலே வெறும் மணல், தண்ணீர் நிற்காது, பூஞ்சைக்கு வேலையில்லை. குவியலின் ஓரம் என்பதால் மணல் ஒரு முழம்தான். அதைத் துளைத்து இறங்கினால் கீழே அவள் எரு போட்டு வைத்த பழைய பாத்தி. மேலே மூடியிருந்த மணல் அதன் ஈரத்தை வெயிலுக்கு விடாமல் காப்பாற்றி வைத்திருந்தது.

அவள் ஒரு தென்னங்கீற்றை மதிலில் சாய்த்துச் செடியை மறைத்தாள்.

பங்குனி பிறந்ததும் பூக்கத் தொடங்கியது. மொட்டு ரோஜா நிறம், விரிந்ததும் ஊதா, பிறகு ஆழ்ந்த நீலம். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுகிறதே, அதைப் போன்ற கணக்குதான். பூவின் சாற்றில் புளிப்பு குறையக் குறைய அதே சாயம் நீலமாகிறது. அடிப்பூ உதிர்ந்து காய் பிடிக்கும், நுனியில் மொட்டு வந்துகொண்டிருக்கும். மறைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. தேனீக்கள் கீற்றைச் சுற்றி ரீங்காரம் போட்டன.

வேதாவுக்குப் போன் செய்தாள். “கெஸ்ட் ஜாஸ்தி. வியாழக்கிழமை காலைல வந்து பார்க்கறேன்” என்றார் வேதா. பௌர்ணமி வெள்ளிக்கிழமை.

ஆனால் ராமதாஸ் புதன்கிழமை மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம். பௌர்ணமிக்கு முன்னால் எதற்கு என்று அப்பாதுரையே கேட்டார். “செடியே இல்ல, அப்புறம் இன்னா பௌர்ணமி?” என்றான். சித்தாள் மண்வெட்டியோடு குவியலைச் சுற்றிப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். “மேஸ்திரி, தேனீ!”

ராமதாஸ் போய்க் கீற்றை இழுத்தான். நீலத்தைப் பார்த்தான். ஒரு கணம் நிஜமாகவே பார்த்தான். பிறகு முகம் இறுகியது.

வினோதினி குறுக்கே வந்து நின்றாள். “தொடாத. நாளைக்கு அந்தம்மா வராங்க.”

“மணல் என்னுது.”

“செடி என்னுது.”

“அப்ப செடியை எடுத்துகினு போ.”

“இதைப் பிடுங்கி நட முடியாது. வேர் முறிஞ்சா செத்துடும். ஒருநாள், அண்ணா. ஒரேயொரு நாள். பூத்து முடிஞ்சா அது தானாவே சாகற செடி.”

“எப்படியும் சாகற செடிதான? இன்னிக்கே சாவட்டும்.”

அப்பாதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். “ராமதாஸு, பௌர்ணமி வரைக்கும்னு நீதான் சொன்ன.”

“நீங்க கூலிக்கு வந்தவரு. பேசாம இருங்க.”

அவளைத் தோளால் தள்ளிவிட்டு, தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். ஆணிவேர் விடவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்து இழுத்தான். அடியில் படக்கென்று முறிந்தது. தேனீக்கள் சிதறின. கையில் இருந்ததைச் சுவரோரம் எறிந்தான். எறிந்த பிறகுதான் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

வினோதினி தண்டை எடுத்தாள். அதைத் தண்ணீர் பாட்டிலில் நிறுத்தி, நனைத்த சாக்கால் சுற்றி, ஆட்டோ பிடித்தாள்.

கஃபேயில் மத்தியானக் கூட்டம். வேதா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “நாளைக்குத்தான வரேன்னு சொன்னேன்?”

“இன்னிக்கே பிடுங்கிட்டாங்க, மேடம்.”

வேதா பூவை உற்றுப் பார்த்தார். “நான் கேட்டது செடி. நீ கம்பைக் கொண்டு வந்திருக்க. இதை ஊட்டியிலருந்து யாரும் வாங்கிட்டு வரலாமே.”

வினோதினி அடிப்பக்கத்துக் காய்ந்த காம்பு ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மேஜை மேல் தட்டினாள். சாம்பல் நிற விதைகள் உதிர்ந்தன. இன்னொன்றைத் தட்டினாள். இன்னும் உதிர்ந்தன.

“ஒவ்வொரு பூவுக்கும் அடியில நாலு விதை பிடிக்கலாம். அடியில முத்தியிருக்கு, நுனியில இன்னும் மொட்டு. விலைக்கு வாங்கற பூவை விதை முத்தற வரைக்கும் விட மாட்டாங்க, மேடம். பூ விரிஞ்சதுமே வெட்டிடுவாங்க. தண்டு அடியைப் பாருங்க. வெட்டல, முறிச்சிருக்கு. ஒட்டியிருக்கறது எம்-சாண்ட்.”

வேதா நகத்தால் அந்தக் கல்தூளைச் சுரண்டிப் பார்த்தார். ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். ஒரு தேனீ எங்கிருந்தோ வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தது.

“எங்க வளர்ந்துச்சு?”

“கக்கூஸ் கட்டறதுக்குக் கொட்டின குவியல்ல.”

வேதா சிரிக்கவில்லை. “ஒரு பருவம் தரேன். அடுத்த பங்குனியில இந்தத் தோட்டத்துல நீலம் தெரியணும். தெரியலன்னா நீ நின்னு பேசறதுக்குக்கூட வராத.”

“வேலை குடுத்தேன்னு போன்ல சொல்லுங்க, மேடம். ஒருத்தர் காதால கேக்கணும்.”

அவள் வீடு திரும்பியபோது அப்பாதுரை கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வேதா சொன்னதை அவர் போனில் கேட்டாகிவிட்டது.

“பௌர்ணமிக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க” என்று ராமதாஸிடம் சொன்னார். “சாட்சியும் நானே, கடப்பாரையும் நானேன்னா ஊர்ல எவன் என்னைக் கூப்புடுவான்? முன்வாசல்ல கட்டறதா இருந்தா சொல்லு, வரேன்.”

“வாசல்லயா கக்கூஸ் கட்டுவாங்க?” என்று உள்ளேயிருந்து தேவிப்ரியா கத்தினாள். அப்பாதுரை சித்தாளைக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ராமதாஸ் படியில் உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் சிவந்து தடித்திருந்தன. தண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறான். தேங்காய் எண்ணெய் வேறு. தங்கையைப் பார்க்காமல், எதிரே இருந்த மலையைப் பார்த்துச் சொன்னான்: “அந்த டேப்பு எங்க?”

வினோதினி உள்ளே போய் எடுத்து வந்தாள். கையில் கொடுக்கவில்லை. அவன் மடியில் விழும்படி எறிந்தாள். “மொதல்ல எண்ணெயைத் துடை. இல்லன்னா ஒட்டாது.”

“தெரியும்.”

“தெரியும்னா ஏன் தடவின?”

அவன் வேட்டி நுனியால் கையைத் துடைத்து, டேப்பை ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தான். “இடம் உனக்கு. சரி. நாளைக்கு டிராக்டர் வரும். மணலை அள்ளிகினு போறேன்.”

“மணலைத் தொடாத. நீ இழுத்த இழுப்புல விதையெல்லாம் அதுலதான் கொட்டியிருக்கு.”

“பொறுக்கிக்கினு மணலைக் குடு.”

“நீ பொறுக்கிக் குடு.”

அவள் தென்னங்கீற்றை இழுத்து வந்து குவியலின் மதில் பக்கத்தை மூடினாள். காற்றில் பறக்காமலிருக்கக் கை நிறைய ஜல்லி அள்ளி அதன் விளிம்பில் பாரம் வைத்தாள்.

“ஏய்,” ராமதாஸ் படியிலிருந்து எழுந்தான், ஒரு கையில் டேப் தொங்க. “அந்த ஜல்லியும் என்னுது.”